ஊராட்சி கரண்ட் பில்லைக் குறைக்க: எந்த வேலைக்கு எந்த நிதி? (படிப்படியான விளக்கம்)

“சோலாருக்கு மானியம் எவ்வளவு வரும்?” ஊராட்சி அலுவலகங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான். அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. எந்த இணைப்பு கரண்டைத் தின்கிறது என்பது முதல் கேள்வி. அந்த வேலைக்கு எந்தக் கணக்கிலிருந்து செலவு செய்ய விதி இடம் தருகிறது என்பது இரண்டாவது. இந்த வரிசை மாறினால், வாங்கிய பேனல் கூரையில் இருக்கும், பில் பழையபடியே வரும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களில் உள்ள கிராம ஊராட்சிகளை மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம். புதிதாகப் பொறுப்பேற்ற தலைவர், செயலர், வார்டு உறுப்பினர் யாரும் பின்பற்றலாம்.

படி 1: இணைப்புப் பட்டியல் போடுங்கள்

ஒரு நோட்டில் ஆறு பத்தி: இணைப்பு எண், இடம், என்ன பயன்பாடு, அனுமதித்த லோடு, ஓராண்டு யூனிட், ஓராண்டுத் தொகை. பொதுத் தெருவிளக்கும் பொதுக் குடிநீரும் தாழ்வழுத்தக் கட்டண வகை 2-ஏ-வில் வர வேண்டும். வேறு வகையில் பில் வந்தால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றுங்கள்.

பட்டியல் முடிந்ததும் மூன்று வகைத் தவறுகளைத் தேடுங்கள். வற்றிப்போன போருக்கு (ஆழ்துளைக் கிணற்றுக்கு) இன்னும் நிலைக் கட்டணம் ஓடலாம். மீட்டர் நின்றுபோய்ச் சராசரிக் கணக்கில் பில் வரலாம். அனுமதித்த லோடு ஒன்றும் பொருத்திய மோட்டார் வேறொன்றுமாக இருக்கலாம். இவற்றைச் சரிசெய்ய நிதி தேவையில்லை, ஒரு கடிதம் போதும்.

படி 2: அளந்து பாருங்கள்

தெருவிளக்கை இரவில் நடந்துபோய் எண்ணுங்கள், பதிவேட்டை நம்ப வேண்டாம். 40 வாட் டியூப்லைட் பழைய சோக்கோடு சேர்ந்து சுமார் 55 வாட் இழுக்கும். அப்படி 200 விளக்கு, இரவில் 11 மணி நேரம் என்றால் நாளுக்கு 121 யூனிட். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 44 யூனிட். மிச்சம் 77 யூனிட், ஆண்டுக்கு 28,105 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,24,840 ரூபாய். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுக் கணக்கிடுங்கள்.

மோட்டார்தான் பெரிய தீனிக்காரன், அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். தொட்டியைக் காலி செய்து மோட்டாரைப் போடும்போதும், தொட்டி நிறைந்ததும் மீட்டரைக் குறியுங்கள். 30,000 லிட்டர் தொட்டி நிறைய இரண்டரை மணி நேரமும் 17.5 யூனிட்டும் ஆனது என்று கொள்வோம். 1,000 லிட்டருக்கு 0.58 யூனிட்.

எவ்வளவு ஆகியிருக்க வேண்டும்? மோட்டார் ஓடும்போது போரில் நிற்கும் நீர்மட்ட ஆழம், தொட்டி உயரம், குழாய் உராய்வு மூன்றையும் மீட்டரில் கூட்டி 367-ஆல் வகுங்கள். 60, 12, 3 என்றால் மொத்தம் 75 மீட்டர், விடை 1,000 லிட்டருக்கு 0.204 யூனிட். இது இழப்பே இல்லாத கணக்கு. 0.204-ஐ 0.58-ஆல் வகுத்தால் திறன் 35 சதவீதம். சரியாகத் தேர்ந்த புதுப் பம்புசெட் 45 முதல் 50 சதவீதம் தரும், அதாவது 0.44 யூனிட் அளவில் முடிக்கும்.

திறன் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மோட்டார் பழசானது மட்டுமல்ல. நீர்மட்டம் இறங்கிய பிறகும் பழைய ஹெட்டுக்கு (நீரேற்றும் உயரத்துக்கு) எடுத்த பம்பையே ஓட்டுவது, மணல் ஏறி இம்பெல்லர் (பம்புக்குள் நீரைத் தள்ளும் சுழலி) தேய்வது, இறக்கும் குழாய் ஓட்டையாகி நீர் போருக்குள்ளேயே திரும்புவது, மூன்றும் உண்டு. குழாய் ஓட்டைக்குப் புது மோட்டார் வாங்கினால் காசு வீண்.

படி 3: முதலில் சிக்கனம், பிறகு சோலார்

அதே தொட்டி நாளுக்கு இரண்டு முறை நிறைய வேண்டும் என்றால் பழைய பம்புக்கு 35 யூனிட், புதியதற்கு 26 யூனிட் சொச்சம். நம் பக்கத்தில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். பழைய பம்புக்கு 9 கிலோவாட் தேவைப்படும், புதியதற்கு 7 போதும். பம்பை மாற்றிய பிறகு எஸ்டிமேட் போடுவது இரண்டு கிலோவாட் விலையை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று, பேனலை ஊராட்சி அலுவலகக் கூரையில் வைத்து அலுவலக இணைப்பில் சேர்ப்பதுதான் வழக்கம். அலுவலகத்தில் நாலு ஃபேனும் ஒரு கம்ப்யூட்டரும் ஓடும். பகலில் இழுக்கும் சுமை மோட்டாரில் இருக்கிறது. எனவே மோட்டார் இணைப்பில் சேர்க்க இடம் பாருங்கள். டேங்க் ஆபரேட்டரிடம் நீரேற்றும் நேரத்தைக் காலை 10 முதல் பிற்பகல் 3-க்குள் வைக்கச் சொல்லுங்கள். மின் தொகுப்போடு இணைந்த சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அது பழுது அல்ல, கம்பத்தில் ஏறியிருப்பவரின் உயிருக்கான பாதுகாப்பு.

படி 4: வேலைக்கு ஏற்ற நிதி

மத்திய நிதிக்குழு மானியத்தில் தொடங்குங்கள். 15-வது நிதிக்குழுவின் 2021-26 காலத்தில் 60 சதவீதம் கட்டுண்ட நிதியாக (குறித்த வேலைக்கு மட்டும்) இருந்தது: பாதி துப்புரவுக்கு, பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு. மீதி 40 சதவீதம் கட்டற்ற நிதி, சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் தொடக்கூடாது என்று இருந்தது. அந்தப் பிரிப்பில் பம்பு மாற்றம் குடிநீர்ப் பங்கில் வரும், எல்.இ.டி. கட்டற்ற நிதியில் வரும். இரண்டையும் ஒரே எஸ்டிமேட்டில் கலந்தால் தணிக்கையில் ஆட்சேபம் வரும். 2026 ஏப்ரல் முதல் 16-வது நிதிக்குழுவின் காலம் என்பதால், ஒதுக்கீட்டு ஆணையில் உள்ள விகிதத்தைப் படித்துவிட்டே பிரியுங்கள்.

கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் குழப்பம் அதிகம். 2024-ல் வந்த இத்திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு உரியது. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000, மூன்றாவதுக்கு 18,000, உச்சம் 78,000 ரூபாய். ஊராட்சிக் கட்டடத்துக்கு இது கிடைக்காது. ஆனால் உங்கள் எல்லையில் சோலார் போடும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. 300 வீடு என்றால் 3 லட்சம். வீடுகள் சோலார் போடுவதற்குப் பெரிய தடை பேனல் விலை அல்ல, மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருப்பது. பிரிவு அலுவலகத்தோடு பேசி ஊரிலேயே பெயர் மாற்ற முகாம் வையுங்கள். இந்த ஒரு வேலையை ஊராட்சியைவிட யாரும் நன்றாகச் செய்ய முடியாது.

அதே திட்டத்தில் மாதிரி சோலார் கிராமம் என்று மாவட்டத்துக்கு ஒரு கிராமத்துக்கு 1 கோடி ரூபாய் உண்டு. 5,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள வருவாய் கிராமங்கள் போட்டியிடும். ஆறு மாதத்தில் அதிகத் திறன் நிறுவிய ஊர் வெல்லும். மாவட்டத் தேர்வு எந்த நிலையில் இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி, எம்.எல்.ஏ. நிதி 3 கோடி. இவை சொத்து உருவாக்கத் தரும், பராமரிப்புக்குத் தராது.

தனியார் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை மறக்காதீர்கள். 2013 கம்பெனிகள் சட்டம் 135-வது பிரிவின்படி, வரம்புக்குள் வரும் நிறுவனம் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும், அதிலும் தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் சோலார் பேனல் செய்யும் ஆலையே இருக்கிறது. நிதியாண்டு தொடங்கும் முன், ஜனவரியிலேயே படி 2-ன் கணக்கோடு போங்கள். “சோலார் வேண்டும்” என்ற வெறும் மனு அலமாரியில் தங்கும். “இந்த மோட்டார், இவ்வளவு யூனிட், இவ்வளவு மிச்சம்” என்ற ஒரு பக்கம் மேசையில் தங்கும்.

முதல் போட முடியாவிட்டால் இன்னொரு வழி: தனியார் தன் செலவில் பேனல் நிறுவி யூனிட் விலைக்கு ஊராட்சிக்கு விற்பது. அவருக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானச் சலுகை வருமான வரியில் உண்டு, ஊராட்சிக்கு அதனால் பயனில்லை. எனவே அந்தச் சலுகையைக் கணக்கில் வைத்து விலையைக் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள். ஒரே ஊராட்சிக்கு வர மாட்டார்கள். ஒன்றிய அளவில் பத்து ஊராட்சி சேர்ந்து கேளுங்கள். துணிந்தால் காற்றாலையும் முடியும்: கோவை மாவட்டம் ஓடந்துறை ஊராட்சி 2006-ல் வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலையைச் சொந்தமாக நிறுவியது. பேரூராட்சி, நகராட்சிகளுக்கு டுஃபிட்கோ (தமிழக அரசின் நகர்ப்புற நிதி நிறுவனம்) கடன் வழியும் உண்டு.

படி 5: தீர்மானமும் டெண்டரும்

கிராம வளர்ச்சித் திட்டத்தில் வேலை ஏறாவிட்டால் இ-கிராம் சுவராஜ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் பணம் விடுவிக்க முடியாது. அக்டோபர் 2 கிராம சபையை இலக்காக வையுங்கள். தீர்மானத்தில் இணைப்பு எண்ணும் இடமும் இருக்கட்டும்.

எஸ்டிமேட்டில் ஒன்றியப் பொறியாளரிடம் கேட்டுச் சேர்க்க வேண்டியவை:

- விளக்கு: பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை, தூசியும் மழையும் புகாத ஐ.பி. 65 உறை, 10 கி.வோல்ட் மின்னழுத்தப் பாய்ச்சல் தடுப்பு, 140 முதல் 270 வோல்ட் வரை தாங்கும் டிரைவர் (விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் சுற்று), 5 ஆண்டு உத்தரவாதம். ஐப்பசி, கார்த்திகை இடியில் போவது விளக்கு அல்ல, டிரைவர்தான்.
- பேனல் தாங்கி: ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆடிக் காற்றுக்கு ஏற்ப, காற்றழுத்தத்துக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதிப்படி வடிவமைப்புச் சான்று. உவரி போன்ற கடலோரத்தில் சூடான துத்தநாக முலாம் இல்லாத இரும்பு துரு பிடித்துவிடும்.
- இடம்: கிலோவாட்டுக்கு 100 சதுர அடி நிழலில்லாத தளம். சேரன்மகாதேவி, களக்காடு பக்கம் தென்னை நிழலை மாலை 4 மணிக்கும் பாருங்கள். தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும்.
- வரி: 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். நிறுவும் கூலியோடு சேர்ந்த ஒப்பந்தத்தில் 70:30 முறைப்படி (70 பங்கு கருவிக்கு 5, 30 பங்கு சேவைக்கு 18 சதவீதம்) மொத்தம் 8.9 சதவீதம் வரும். பழைய 12 சதவீதத்தில் வந்த விலைப்புள்ளியை ஏற்காதீர்கள்.

படி 6: மிச்சத்தைத் தனியே வையுங்கள்

மின்கட்டணமும் குடிநீர் வாரியக் கட்டணமும் கட்டும் இரண்டாம் கணக்கில் பில் குறைவது தெரியும். மிச்சத்தில் ஒரு பகுதியை டிரைவர், பியூஸ், பேனல் கழுவும் கூலிக்கு என்று ஆண்டுதோறும் தீர்மானம் போட்டு ஒதுக்குங்கள். பேட்டரி வைத்த தனிக்கம்ப சோலார் விளக்குகள் ஊர் ஊராய் இருண்டு நிற்பது இந்த ஒதுக்கீடு இல்லாததால்தான்: பேட்டரி நாலைந்து ஆண்டில் போகும், புதிது வாங்க யாரிடமும் செலவுத் தலைப்பு இருக்காது. கம்பி வசதி உள்ள தெருவில் அந்த வகையை வாங்க வேண்டாம். கம்பி எட்டாத சுடுகாட்டுப் பாதைக்கோ ஆற்றுப் படித்துறைக்கோ வாங்கினால், மாற்று பேட்டரி விலையையும் முதல் எஸ்டிமேட்டிலேயே சேருங்கள்.

பம்பை மாற்றிய மூன்றாம் மாதம் படி 2-ன் அளவை மறுபடி எடுங்கள். 1,000 லிட்டருக்கு 0.44 வந்திருக்க வேண்டிய இடத்தில் 0.55 வந்தால், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் ஒப்பந்தக்காரரை அழைத்துக் குழாயை மேலே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.