கொடைக்கு ஆர்கெஸ்ட்ரா பேசப் போகிறீர்களா?

ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரித்து முடிந்ததுமே இளவட்டங்கள் வந்து நிற்பார்கள்: "அண்ணாச்சி, இந்த வருசம் ஆர்கெஸ்ட்ரா உண்டுல்லா?" அம்பாசமுத்திரம் பக்கம் வில்லுப்பாட்டோ நையாண்டி மேளமோ பேசுவதில் குழப்பமே கிடையாது. வில்லு என்றால் குடம், உடுக்கை, தாளம், கட்டை எல்லாம் கூடவே வரும். சுடலைமாடன் சாமிக்குக் கணியான் கூத்து என்றால் மகுடம் என்ற தோல்கருவி வரும். ஆர்கெஸ்ட்ரா என்றால்தான் என்ன வரும் என்று சொல்ல முடியாது. லண்டனில் 2025 மார்ச்சில் இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த ராயல் பில்ஹார்மோனிக்கும் ஆர்கெஸ்ட்ராதான். ஒரு கீபோர்டும் இரண்டு மைக்குமாக வேனில் வந்து இறங்குவதும் ஆர்கெஸ்ட்ராதான்.

அதனால் தொகையைப் பேசும் முன் ஆள்கணக்கைப் பேசுங்கள். கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, டோலக், கிட்டார், பாடகர்கள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். "டிராக் போடுவீங்களா?" என்று நேராகவே கேளுங்கள். பதிவு செய்த இசையை ஓடவிட்டு மேலே பாடுவதுதான் டிராக். அது தப்பில்லை, ஆனால் முழுக்குழுவுக்கான பணத்தை அதற்குக் கொடுக்கக் கூடாது. அவர்கள் வேறு ஊர்க் கொடையில் பாடிய வீடியோவை வாங்கி, கையை மட்டும் பாருங்கள். குழலோசை வருகிறது, குழல்காரர் இல்லை; சரி, கீபோர்டில் வாசிக்கிறாரா என்று பாருங்கள். அவர் அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

நோட்டீசில் 'இன்னிசைக் கச்சேரி' என்று போட்டால் போதும். பல வாத்தியங்கள் சேர்ந்து ஒலிப்பதற்குச் சங்க இலக்கியத்தில் 'பல்லியம்' என்று அழகான சொல் இருக்கிறது. அதைப் போட்டால் பல்லி விழுந்த பலன் என்று நினைத்துவிடுவார்கள்!

மேடைக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுங்கள், கம்பு கட்டுங்கள். பையன்கள் ஆடத்தான் செய்வார்கள். ஆர்கெஸ்ட்ரா என்ற சொல்லுக்கே கிரேக்க மொழியில் ஆடும் இடம் என்றுதான் பொருள். கிரீஸ் நாட்டின் பழைய எபிடாரஸ் நாடக அரங்கில் இன்றும் பார்க்கலாம், கோரஸ் என்ற குழுவினர் ஆடிப் பாடிய வட்டத் தரை. பிற்பாடு மேடைக்கு முன் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்துவிட்டது. அமெரிக்கத் தியேட்டர்களில் கீழ்த்தள இருக்கைகளுக்கும் அதே பெயர்தான்.

போலீஸ் அனுமதியை முன்கூட்டியே வாங்குங்கள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே கச்சேரியை 7 மணிக்கே தொடங்கச் சொல்லுங்கள். நள்ளிரவுப் பூசையான சாமக்கொடைக்கு மேளம் எழும்பும்போது மேடையில் குத்துப்பாட்டு ஓடினால் சாமியாடி முறைப்பார். முதல் இரண்டு மூன்று பாட்டு பக்திப் பாட்டு என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். ஜெனரேட்டர் யார் பொறுப்பு, சாப்பாடு எத்தனை பேருக்கு என்பதும் அதில் இருக்கட்டும். அட்வான்ஸ் கொஞ்சமாகக் கொடுங்கள். பாக்கியை, ஆள்கணக்குச் சரியாக இருந்தால், கடைசிப் பாட்டு முடிந்ததும் இழுத்தடிக்காமல் கொடுத்துவிடுங்கள். அவர்களுக்கு அடுத்த நாள் இன்னொரு ஊர் இருக்கும்.