பேய்ப் படம் என்று நோட்டீஸ் அடிக்காதீர்கள்

போன மாதம் ஆரையம்பதிப் பக்கமிருந்து நாலு பொடியன்கள் என்னைத் தேடி வந்தார்கள். வாசிகசாலையில் மாதம் ஒரு படம் போடப் போகிறார்களாம். வெள்ளைச் சீலை, இரவல் வாங்கிய புரொஜெக்டர், போயா (பௌர்ணமி விடுமுறை) நாள் பின்னேரம் ஆறு மணி, படம் முடிந்ததும் ஒரு மணித்தியாலம் பேச்சு. பல வருஷத்துக்கு முன்னர் மட்டக்களப்பு நகரில் நாங்கள் தொடங்கியதும் இப்படித்தான். சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஒருவன் நோட்டீஸை எடுத்து நீட்டினான். கறுப்புத் தாளில் சிவப்பு எழுத்து: "நடுநடுங்க வைக்கும் பேய்ப் படம்!" கீழே படத்தின் பெயர், 'தி நைன்த் கேட்'.

நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அதே படத்துக்கு அதே சொல்லைப் போட்டு நானும் ஒரு நோட்டீஸ் அடித்தவன். படம் போடுகிறவர்கள் செய்யக்கூடாதவை என்று அன்றிரவு அவர்களை இருத்திச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். வயர் எட்டுமா, சத்தம் பின்வரிசைக்குக் கேட்குமா, கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவை இரண்டாவது மாதமே தானாகப் பழகிவிடும்.

படத்துக்குப் பிழையான பெயர் சூட்டுவது

முதலில் படம் என்னவென்று பார்ப்போம். ரோமன் போலன்ஸ்கி இயக்கி 1999 இல் வந்தது. ஜானி டெப் அதில் டீன் கோர்சோ என்ற அரிய நூல் தரகர். போரிஸ் பால்கன் என்ற பணக்காரரிடம், 1666 இல் வெனிசில் அச்சானதாகக் கதை சொல்லும் ஒரு நூல் இருக்கிறது. நிழல்களின் இராச்சியத்துக்குப் போகும் ஒன்பது வாயில்களைப் பற்றிய நூல். பிசாசை அழைக்கும் வழி அதில் இருப்பதாகப் பேச்சு. உலகத்தில் மிஞ்சியிருப்பது மூன்றே மூன்று பிரதிகள். ஒன்று பால்கனிடம், மற்றது போர்த்துக்கலில், மூன்றாவது பாரிசில். மூன்றையும் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டு எது அசல் என்று சொல்ல வேண்டும், அதுதான் கோர்சோவுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. போகிற இடமெல்லாம் சாவு பின்னால் வருகிறது. ஆனால் வெள்ளைச் சேலை கட்டிய பேய் ஒன்றும் கதவுக்குப் பின்னாலிருந்து பாயாது. 133 நிமிடப் படத்தில் பெரும்பங்கு ஒரு மனிதன் புத்தகத்தைத் திருப்புவதும், கண்ணாடி வைத்து உற்றுப் பார்ப்பதும், சிகரெட் பற்றவைப்பதும்தான்.

இதற்கு நான் பேய்ப் படம் என்று பெயர் சூட்டினேன். ஆள் சேரட்டும் என்ற ஆசை, வேறொன்றுமில்லை. சேர்ந்தது. கதிரை போதாமல் பக்கத்துக் கோயில் மண்டபத்திலிருந்து பாய் கொண்டுவந்து விரித்தோம். பிள்ளைகுட்டியோடு குடும்பங்கள், ரியூஷன் முடித்து வந்த பொடியன்கள், எல்லாருமாக அறுபது எழுபது பேர். முக்கால் மணித்தியாலம் போனதும் பின்னால் ஒரு குரல்: "அண்ணன், பேய் எப்ப வரும்?" எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்த அறை படத்தோடு சேரவேயில்லை. ஒவ்வொரு மௌனத்திலும் யாரோ ஒருவர் பேயைக் கேட்டார். பாதிப் பேர் இடையில் எழும்பிப் போனார்கள். இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்தபடி ஒரு அக்கா வாசலில் நின்று சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது: "தம்பி, நீங்க பேய்ப் படம் எண்டுதானே எழுதினீங்க. நாங்க நம்பித்தானே வந்தம்."

அவர் சொன்னது முழுச் சரி. அடுத்த மாதம் பதினொரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த மாதம் ஏழு. மண்டபத்துக்குக் கொடுத்த காசை விடுங்கள், ஊரின் நம்பிக்கையைத் திருப்பி எடுக்க எங்களுக்கு இரண்டு வருஷம் பிடித்தது.

ஆனாலும் என்னை இன்றுவரை எரிச்சல்படுத்துவது எழும்பிப் போனவர்களின் கணக்கு இல்லை. வராமலே விட்ட ஒருவர். எங்கள் தெருவில் ஒரு ஐயா இருந்தார். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கினால் கோயிலில் கண்ணகி கதையைச் சொல்லும் வழக்குரை படிப்பவர்களில் அவரும் ஒருவர். வீ. சீ. கந்தையா பண்டிதர் 1968 இல் பதிப்பித்த கண்ணகி வழக்குரை அவர் வீட்டு அலுமாரியில் இருந்தது, இருந்தும் ஏட்டைத்தான் அவர் மனம் நம்பும். என் நோட்டீஸைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பேய்ப் படத்துக்கு நான் என்னத்துக்கு மனே?" என்று திருப்பித் தந்துவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து அதே படத்தை ஒரு வீட்டு விறாந்தையில் ஒன்பது பேருக்குப் போட்டோம். இந்த முறை நானே போய், "ஒரே நூலின் மூன்று பிரதிகளை ஒப்புப் பார்க்கிற கதை" என்று சொல்லி அவரைக் கூட்டிவந்தேன். போர்த்துக்கல் காட்சி வந்தது. வசதி குறைந்த பெரிய வீடு, தளபாடங்கள் விற்றுப் போய்விட்டன, மிச்சப் புத்தகங்கள் நிலத்தில் அடுக்கிக் கிடக்கின்றன. கோர்சோ இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான். ஒன்றில் உள்ள சித்திரத்தில் கிழவனின் வலக்கையில் திறப்பு (சாவி), மற்றதில் இடக்கையில். ஐயா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "நிப்பாட்டு மனே, ஒருக்காத் திருப்பிப் போடு." போட்டேன். மறுகா இன்னொரு தரம் கேட்டார். அதையும் போட்டேன்.

படம் முடிந்ததும் அவர்தான் முதலில் பேசினார். தங்கள் கோயில் ஏட்டில் ஒரு அடி ஒரு மாதிரியும் பக்கத்து ஊர் ஏட்டில் வேறு மாதிரியும் இருப்பதையும், தன் தகப்பன் காலத்தில் அதுக்காக இரண்டு ஊராரும் விடியவிடிய வாதாடியதையும் சொன்னார். பாடபேதம் என்றால் என்னவென்று அங்கிருந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. கோர்சோ எழுத்துப் பிழையைத் தேடவில்லை, சித்திரங்களில் எல்சிஎஃப் (லூசிஃபர் என்ற பிசாசைக் குறிக்கும் எழுத்துகள்) என்று ஒப்பமிட்டவற்றையும் ஒப்பமிடாதவற்றையும் பிரிக்கிறான். ஒவ்வொரு பிரதியிலும் மும்மூன்று சித்திரம்தான் அந்த ஒப்பத்தோடு இருக்கிறது. ஆகவே எந்தப் பிரதியும் தனியே அசல் ஆகாது. "அப்ப மூண்டையும் சேத்தாத்தான் ஒரு ஏடு" என்றார் ஐயா. நான் படித்த எந்த விமர்சனத்திலும் இந்தப் படத்தைப் பற்றி இவ்வளவு சுருக்கமான வசனம் கிடைத்ததில்லை.

இந்தப் படத்துக்கு உலகம் முழுக்க ஏன் இரண்டுபட்ட அபிப்பிராயம் என்பதும் இங்கேதான் விளங்கும். 'ரோஸ்மேரிஸ் பேபி' என்ற 1968 ஆம் ஆண்டுப் படத்தை எடுத்தவர் திரும்பவும் பிசாசுக் கதை எடுக்கிறார் என்று போனவர்கள் அந்தப் பயத்தைத் தேடி ஏமாந்தார்கள். 1999 கோடையில் 'தி பிளேர் விட்ச் புரொஜெக்ட்', 'தி சிக்ஸ்த் சென்ஸ்' இரண்டையும் பார்த்த அமெரிக்க ரசிகர்களுக்கு இது அடுத்த மார்ச்சில்தான் திரைக்கு வந்தது. அவர்களுக்கு இது நத்தை வேகம். அர்த்துரோ பெரெஸ் ரெவெர்தே 1993 இல் எழுதிய ஸ்பானிய நாவலைப் படித்தவர்களுக்கு வேறு மனக்குறை. நாவலின் மறுபாதி, 'மூன்று மஸ்கெட்டியர்கள்' நூலின் கையெழுத்துப் பிரதி ஒன்றைத் துரத்தும் கதை. படத்தில் அதை அப்படியே வெட்டிவிட்டார்கள். புத்தகம், தாள், அச்சு, தோல் அட்டை என்று உயிரை விடுகிறவர்களோ இந்தப் படத்தை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். எல்லாரும் பார்த்தது ஒரே படம்தான், என்ன நினைத்து வந்து குந்தினார்கள் என்பதுதான் வேறு.

அதனால் நோட்டீஸில் என்ன எழுதலாம்? திரையில் ஆட்கள் என்ன செய்கிறார்களோ அதை எழுதுங்கள். "ஒரு பழைய நூலின் மூன்று பிரதிகள். ஒப்பிட்டுப் பார்க்கப் போனவனைச் சாவு துரத்துகிறது. மெதுவான படம்." அந்தக் கடைசி இரண்டு சொல்லைக் கட்டாயம் போடுங்கள். ஆள் குறையும், குறையட்டும். வருகிறவர் கடைசிவரை இருப்பார்.

"பிடித்ததா?" என்று பேச்சைத் தொடங்குவது

லைட்டைப் போட்ட கையோடு இதைக் கேட்டால் கை உயர்த்தச் சொன்ன மாதிரி. பிடித்தது என்று வாய்விட்டவர் அதற்குப் பிறகு வக்கீலாகிவிடுவார், பிடிக்கவில்லை என்றவர் எதிர்க்கட்சி. யாரும் படத்துக்குத் திரும்பப் போகமாட்டார்கள்.

ஒரு காட்சியைக் கையில் எடுங்கள். நான் எப்போதும் எடுப்பது கோர்சோ முதல்முதல் வரும் இடம். ஒரு வீட்டில் நூல்களை விற்கப் பார்க்கிறார்கள். அவற்றின் உரிமையாளரான முதியவர் பேச்சு வராமல் சக்கர நாற்காலியில் ஒரு மூலையில் இருக்கிறார். கோர்சோ மற்ற நூல்களுக்குப் பெரிய விலை சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிட்டு, உண்மையில் பெறுமதியான பழைய 'டான் கிஹோத்தே' தொகுதிகளைக் குறைந்த காசுக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். அந்த முதியவரின் கண்ணை மட்டும் நினைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருப்பேன்.

ஒருமுறை கல்முனையிலிருந்து வந்த ஒரு ரீச்சர், "இவன் நரகத்துக்குப் போக ரெடி எண்டு அதிலயே சொல்லிட்டாங்க" என்றார். பின்னாலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்), "அதாலதான் எனக்குப் படம் ஒட்டல்ல, இப்படிப்பட்டவனோட இரண்டு மணித்தியாலம் எப்படி இருக்கிற?" என்று கேட்டார். ஒருவருக்குப் படம் பிடித்ததற்கும் மற்றவருக்குப் பிடிக்காததற்கும் காரணம் அந்த ஒரே காட்சி. பேச்சு பத்தரை மணிவரை போனது.

முடிவை நீங்களே விளக்குவது

நான் ஒருதரம் இருபது நிமிஷம் விளக்கினேன். கூட்டமே செத்துப்போனது. படம் நம்மைக் கதவுவரை கூட்டிப்போய் நிறுத்துகிறது, கோபப்படுகிறவர் கோபப்படட்டும், அவருக்கும் நியாயம் இருக்கிறது. கோர்சோவின் பின்னால் வரும் பெண் யார் என்று கட்டாயம் கேட்பார்கள். அவளுக்குப் படத்தில் பெயரே இல்லை. ஒன்பதாவது சித்திரத்தில் இருக்கும் முகத்தைத் திரும்பப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடுங்கள்.

உண்மையில் இருந்த நூல் என்று சொல்வது

இல்லை. நூலும் அதை அச்சிட்டதாகச் சொல்லும் தொர்க்கியாவும் நாவலாசிரியரின் கற்பனை. "மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைப்பர்" என்று மந்திரத்துக்கு ஊர் பேர் எடுத்த நம்மிடம் மந்திர ஏட்டுக் கதைக்குப் பஞ்சமில்லை, அதனால் இங்கே ஒருவர் சொன்னால் பத்துப் பேர் நம்புவார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விமர்சகர்கள் போட்ட நட்சத்திரக் கணக்கை வாசிப்பது

வேண்டாம்.

இயக்குநரைப் பற்றி மழுப்புவது

யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 1977 இல் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி தொடர்பான பாலியல் வழக்கில் போலன்ஸ்கி குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை தீர்ப்பதற்கு முன், 1978 இல், அமெரிக்காவை விட்டு ஓடினார். இதைத் தெரிந்துகொண்டு பார்க்க மனமில்லை என்று ஒருவர் எழும்பிப் போனால் மரியாதையோடு வழிவிடுங்கள். கலை வேறு ஆள் வேறு என்று அவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

வீட்டில் பார்க்காமல் போடுவது

பெரியவர்களுக்கான காட்சிகள் இதில் இருக்கின்றன. அன்றைக்குப் பாயில் குந்தியிருந்த பிள்ளைகளை நினைத்தால் இப்பவும் கூசுகிறது.

பிந்தி வருகிறவர்களுக்காகக் காத்திருப்பது

ஆறு என்றால் ஆறு. இந்தப் படத்தின் முதல் சில நிமிஷத்தைத் தவறவிட்டவருக்கு மிச்சம் பாதிதான். ஒரு நூலகம், மேசையில் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். எழுதி முடித்துத் தூக்குப் போட்டுக்கொள்கிறார். கமரா அவரை விட்டு நகர்ந்து அலுமாரியில் நெருக்கி அடுக்கிய புத்தகங்களின் பக்கம் போகிறது. நடுவில் ஒரு புத்தகம் இல்லை, இரண்டு விரல் அகலத்துக்கு இருட்டு. அந்த இருட்டுக்குள் நுழைந்து, கதவு கதவாகத் திறந்துகொண்டு போகும்போதுதான் எழுத்தோட்டம் வருகிறது, வொய்ச்செக் கிலாரின் இசையும் தொடங்குகிறது. ஆரையம்பதிப் பொடியன்களுக்கு அந்த இடத்தை மட்டும் என் மடிகணினியில் போட்டுக் காட்டினேன். நோட்டீஸ் கட்டை அங்கேயே விட்டுவிட்டு, புதிதாக எழுத வெள்ளைத் தாள் கேட்டார்கள்.