இருட்டில் கட்டைவிரல் தேடும்போது: யுனிவர்சல் ரிமோட் பட்டன் அமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹோம் தியேட்டர் ரிமோட்டை யாரும் பார்த்துக்கொண்டே இயக்குவதில்லை. கண் திரையில் இருக்கும், விளக்குகள் அணைந்திருக்கும், ஒரு கையில் ரிமோட், நகர்வது கட்டைவிரல் மட்டும். ஆனால் எந்தப் பட்டன் எங்கே என்று முடிவு செய்வது பெரும்பாலும் நல்ல வெளிச்சத்தில், மேசை மேல் ரிமோட்டைக் கிடத்தி வைத்தோ கணினித் திரையில் படமாகப் பார்த்தோதான். பல கருவிகளை ஒன்றே இயக்கும் யுனிவர்சல் ரிமோட்டில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்த முரண்பாட்டில் பிறப்பவை. புதிதாக வாங்குகிறவரும், கையில் இருப்பதை புரோகிராம் செய்கிறவரும், ரிமோட்டையே வடிவமைக்கிறவரும் ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டால் போதும்: இந்தப் பட்டனைத் தடவியே கண்டுபிடிக்க முடியுமா?

எல்லாப் பட்டனும் ஒரே அச்சில்

ஐம்பது பட்டன்கள், எல்லாம் ஒரே அளவு வட்டம், வரிசைக்கு நான்காக. பார்க்க ஒழுங்காக இருக்கும். இருட்டில் கைக்குப் பட்டன்களே தெரியாது, சொரசொரப்பான ஒரு பரப்புதான் தெரியும்.

கட்டைவிரலுக்கு அடையாளக் கற்கள் வேண்டும். முதலாவது திசை வளையம், அதன் நடுவில் சற்றே குழிந்த ஓகே. இரண்டாவது, மேல்-கீழ் சாயும் நீளப் பட்டனாக வால்யூம். மூன்றாவது, எண் பட்டன்களில் 5-இன் மேல் இருக்கும் சிறு புடைப்பு. இந்த மூன்றில் ஒன்றைத் தொட்டாலே மற்றவை எங்கே என்று விரல் கணக்கிட்டுவிடும். அடிக்கடி அழுத்தும் பட்டன்களுக்கு நடுவுக்கு நடு 12 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் தவறி அடுத்ததை அழுத்துவது வெகுவாகக் குறையும். எண் பட்டன்களுக்கு 10 போதும்.

வால்யூமும் சேனலும் இரண்டு பக்கத்திலும் ஒரே வடிவ நீளப் பட்டனாக நிற்பது மிகப் பழகிப்போன அமைப்பு. தவறுகள் அதிகம் நடப்பதும் அங்கேதான். படம் ஓடும்போது சத்தத்தைக் கூட்டப் போய் சேனலைத் தொட்டுவிட்டால் காட்சியே போய்விடும். வடிவமைக்கிறவர் ஒன்றின் நுனியைக் குழியாகவும் மற்றதைப் புடைப்பாகவும் வைத்துப் பிரிக்கலாம். புரோகிராம் செய்கிறவருக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது: டிஸ்க்கிலோ ஸ்ட்ரீமிங்கிலோ படம் பார்க்கும்போது சேனல் பட்டனுக்கு வேலையே இல்லை. அந்த இரண்டு முனைகளுக்கும் அடுத்த அத்தியாயம், முந்தைய அத்தியாயம் என்று கொடுத்துவிடுங்கள், அல்லது வெறுமையாக விட்டுவிடுங்கள். பட்டன் இருக்கிறதே என்பதற்காக எதையாவது ஒதுக்க வேண்டியதில்லை.

கையில் இருக்கும் ரிமோட் ஏற்கெனவே இப்படித் தட்டையாக இருந்தால், சிறிய ரப்பர் புள்ளி ஒட்டிகளை ப்ளே/பாஸ் மேலும் மியூட் மேலும் ஒட்டுங்கள். இரண்டோடு நிறுத்துங்கள். ஆறு இடத்தில் ஒட்டினால் பழைய சொரசொரப்புக்கே திரும்பிவிடுவீர்கள்.

எது மேல், எது கீழ் என்று தெரியாத உடல்

முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கும் மெல்லிய ரிமோட் அழகு. சோபாவிலிருந்து இருட்டில் எடுக்கும்போது பாதி நேரம் தலைகீழாகத்தான் கைக்கு வரும். 2015-இல் ஆப்பிள் டிவியுடன் வந்த ரிமோட் இந்தக் காரணத்துக்காகப் பரவலாகக் குறை சொல்லப்பட்டது. 2017-இல் மெனு பட்டனைச் சுற்றி மேலெழும்பிய வெள்ளை வளையம் வந்தது, 2021-இல் ரிமோட்டே புதிதாக வடிவமைக்கப்பட்டது. அடிப்பக்கம் சற்றுப் பருத்தும் முகப்பு ஒடுங்கியும் இருந்தாலே போதும், கை திசையைப் புரிந்துகொள்ளும்.

எடையும் இதே வேலையைச் செய்கிறது. பேட்டரி எங்கே இருக்கிறதோ அங்கேதான் கை தானாகப் பிடிக்கும். அப்படிப் பிடித்த நிலையில், பிடியை மாற்றாமல் கட்டைவிரல் சுற்றிவரும் பரப்பு சுமார் 6 சென்டிமீட்டர்தான். திசை வளையம், பேக், வால்யூம், மியூட், ப்ளே/பாஸ் ஐந்தும் அதற்குள் வர வேண்டும். நீளமான ரிமோட்டில் வால்யூம் நடுவிலும் ப்ளே/பாஸ் அடிமுனையிலும் இருந்தால், படத்தை நிறுத்த ஒவ்வொரு முறையும் கைப்பிடி மாறும்; சில மாதங்களில் ரிமோட் கீழே விழுந்து மூலை தேயும். வாங்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு இந்த ஐந்தையும் தொட்டுப் பாருங்கள்.

பவர் பட்டன்: இடமும் தவறு, கட்டளையும் தவறு

இடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பவர், இன்புட், வளையம் மூன்றும் நெருங்கி இருக்கக் கூடாது. பவர் தனித்து, மேல் மூலையில், மற்றவற்றைவிடச் சற்றுக் கடினமாக அழுந்த வேண்டும்.

கட்டளை விஷயம்தான் பெரியது. பெரும்பாலான கருவிகளின் சொந்த ரிமோட்டில் ஒரே பவர் பட்டன்: அணைந்திருந்தால் போடும், போட்டிருந்தால் அணைக்கும். யுனிவர்சல் ரிமோட்டில் 'படம் பார்' என்ற ஒரு பட்டனுக்குள் டிவி, ஒலிபெருக்கிகளை இயக்கும் ஏவி ரிசீவர், ப்ளூ-ரே பிளேயர் மூன்றுக்கும் இந்த மாற்றுக் கட்டளையை வைத்தால், மூன்றில் ஒன்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அது அணைந்துவிடும், மற்ற இரண்டும் எழும். மறுபடி அழுத்தினால் அப்படியே தலைகீழாகும். எத்தனை முறை அழுத்தினாலும் மூன்றும் சேர்ந்து எழாது.

பல கருவிகள் 'போடு' என்று ஒன்றும் 'அணை' என்று ஒன்றும் தனித்தனிக் கட்டளைகளை ஏற்கும். அவற்றின் சொந்த ரிமோட்டில் அந்தப் பட்டன்கள் இருக்காது. யுனிவர்சல் ரிமோட்டுக்குள் முன்பே சேமித்திருக்கும் கருவிக் கட்டளைகளின் பட்டியலான குறியீட்டுத் தொகுப்பில் 'பவர் ஆன்', 'பவர் ஆஃப்' என்று தேடிப் பாருங்கள், இருந்தால் அதையே வையுங்கள். இன்புட்டுக்கும் இதே விதிதான். ஒவ்வொன்றாகத் தாவும் 'இன்புட்' கட்டளையை மேக்ரோவில் (ஒரே அழுத்தத்தில் வரிசையாக ஓடும் கட்டளைத் தொடரில்) வைக்காமல், 'எச்டிஎம்ஐ 2' என்று நேரடியாகச் செல்லும் கட்டளையைத் தேடுங்கள்.

எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கருவிகள் ஒன்றையொன்று எழுப்பும் சிஇசி வசதி இங்கே குறுக்கே வரும். மேக்ரோ பிளேயரைப் போடுகிறது, பிளேயர் சிஇசி வழியே டிவியை எழுப்புகிறது, அடுத்த நொடி மேக்ரோ டிவிக்கு மாற்றுக் கட்டளை அனுப்புகிறது, டிவி அணைகிறது. "ரிமோட் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்டும் முன் இதைச் சரிபாருங்கள். ஒன்று சிஇசி-யை அணையுங்கள், அல்லது பவரை முழுக்க சிஇசி-யிடம் விட்டுவிட்டு மேக்ரோவிலிருந்து டிவியின் பவரை எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தால் சண்டைதான்.

மேக்ரோவின் வரிசையும் முக்கியம். எழுந்துவர அதிக நேரம் பிடிக்கும் புரொஜெக்டர் அல்லது டிவி முதலில், பிறகு ரிசீவர், பிறகு பிளேயர். எல்லாப் பவர் கட்டளைகளையும் முதலிலேயே அனுப்பிவிட்டு, 5 நொடி போல இடைவெளி விட்டு, அதன்பின் இன்புட் கட்டளைகள். இப்போதுதான் எழுந்த ரிசீவர் முதல் சில நொடிகளுக்கு எதையும் காதில் வாங்காது என்பதால் இந்த இடைவெளி. பல புரொஜெக்டர்கள் அணைக்கும்போது உறுதி கேட்கும். அதற்கு 'அணை' கட்டளையை ஓரிரு நொடி இடைவெளியில் இரண்டு முறை வைக்க வேண்டும்.

அகச்சிவப்பு ரிமோட்டில் மேக்ரோ ஓடி முடியும்வரை கை கருவிகளை நோக்கியே இருக்க வேண்டும். பத்து நொடி யாரும் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். கடைசிக் கட்டளைகள் தலையணைக்குப் போய்ச் சேரும். அதனால் மேக்ரோவைச் சுருக்கமாக வையுங்கள். நீளமாகத்தான் வேண்டும் என்றால், கருவிகளுக்கு அருகிலேயே நின்று சிக்னல் அனுப்பும் ஹப் வகை ரிமோட்டுக்குப் போவது நல்லது.

'டிவி', 'டிவிடி', 'ஆக்ஸ்' என்ற மேல்வரிசை

மலிவான யுனிவர்சல் ரிமோட்டுகளின் தலையில் இருக்கும் இந்த வரிசை, முதலில் எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. கடைசியாக எதை அழுத்தினோம் என்பதை மனிதர் நினைவில் வைத்திருக்க வேண்டும். யாரும் வைத்திருக்கமாட்டார்கள். வால்யூமைக் கூட்டினால் ஒலிபெருக்கிக்குப் பதிலாக டிவியின் வால்யூம் பட்டை திரையில் தோன்றும்.

இதற்கு மருந்து, எந்தக் கருவி தேர்வாகியிருந்தாலும் வால்யூம், மியூட் இரண்டும் ரிசீவருக்கே போகும்படி பூட்டிவிடுவது. பல யுனிவர்சல் ரிமோட்டுகளில் இந்த வசதி இருக்கிறது. செய்முறை கையேட்டின் பின்பக்கங்களில் ஒளிந்திருக்கும், பலரும் அதுவரை போவதில்லை. ரிமோட் அமைக்கும் அன்று முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

இன்னும் நல்ல வழி, கருவிக்குப் பதிலாகச் செயலை வைத்துப் பிரிப்பது: 'படம் பார்', 'பாட்டுக் கேள்', 'விளையாடு'. லாஜிடெக்கின் ஹார்மனி ரிமோட்டுகள் பரவலாக்கியது இந்த முறையைத்தான். 2021-இல் அவற்றின் உற்பத்தி நின்றுவிட்டாலும் முறை நிற்கவில்லை.

ஆனால் செயலை வைத்துப் பிரிக்கும்போது புதிதாக ஒரு தவறு முளைக்கும்: ஒரே பட்டன் ஒவ்வொரு செயலிலும் வேறு வேறு அர்த்தம் பெறுவது. வளையத்துக்குக் கீழே இடப்பக்கம் இருக்கும் பட்டன் ஸ்ட்ரீமிங்கில் 'பேக்', ப்ளூ-ரேயில் 'டாப் மெனு', செட்-டாப் பாக்ஸில் 'எக்ஸிட்' என்றால், விரல் ஒன்றையும் பழகாது. புரோகிராம் தொடங்கும் முன் ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் பட்டன்கள், மேலே செயல்கள். குறுக்காகப் படித்தால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரே பொருள் வர வேண்டும். 'ஒரு படி பின்னால் போ' என்பதைக் கருவி ரிட்டர்ன் என்றாலும் பேக் என்றாலும் ஒரே பட்டனில் வையுங்கள். அரை மணி நேர வேலை, ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை வேறு இல்லை.

தொடுதிரையை நம்பிவிடுவது

1998-இல் பிலிப்ஸ் பிராண்டோ வந்தபோது தொடுதிரை ரிமோட் பெரிய ஈர்ப்பாக இருந்தது, இன்று கைப்பேசிச் செயலிகள் அந்த இடத்தில் இருக்கின்றன. தொடுதிரையைத் தடவிப் பட்டனை அடையாளம் காண முடியாது. படத்தை நிறுத்தக் குனிந்து பார்க்க வேண்டும், அறையில் வெளிச்சம் பாயும், கண் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும். எனவே படம் ஓடும்போது தேவைப்படும் எதையும் திரையில் வைக்காதீர்கள். சேனல் பட்டியல், ஒலி முறைத் தேர்வு, அறை விளக்கு போன்றவற்றுக்குத் திரை பொருத்தம். ஒரு பக்கத்துக்கு ஆறு பட்டன் போதும்.

எழுத்தும் வெளிச்சமும்

பட்டனின் மேலேயே அச்சிட்ட எழுத்து விரல் பட்டு அழியும், முதலில் அழிவது வால்யூமும் ஓகேயும்தான். பட்டனுக்குப் பக்கத்தில் உடலில் அச்சிட்டது நிற்கும், ஆனால் பேக்லைட்டில் தெரியாது. பட்டனின் மேற்பூச்சை லேசரால் செதுக்கி, எழுத்து வழியாக ஒளி வரும்படி செய்த வகையே இருட்டறைக்கு ஏற்றது. ஒளி மங்கலாகவே இருக்கட்டும். பளீர் நீல வெளிச்சம் எழுத்தைவிடக் கண்ணைத்தான் முதலில் தாக்கும்.

பேக்லைட் எப்படி எரிகிறது என்பதையும் பாருங்கள். எந்தப் பட்டனை அழுத்தினாலும் எரியும் ரிமோட்டில், வெளிச்சம் வேண்டி அழுத்தும் முதல் அழுத்தமே கட்டளையாகப் போய்விடும். கையில் தூக்கியதும் எரிவது, அல்லது பக்கவாட்டில் தனிப் பட்டன் இருப்பது நல்லது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் பட்டன்களை நிறத்தை மட்டும் நம்பி வைத்தால், சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவருக்கு அவை பயன்படாது. இடமிருந்து வலமாக இந்த வரிசையைக் குலைக்காமல் வைத்தால் இடத்தை வைத்தே கண்டுகொள்வார்.

கற்பிக்கும்போது நடக்கும் பிழைகள்

பழைய ரிமோட்டின் கட்டளையை யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்பிக்கும்போது இரண்டையும் நேருக்கு நேர், 2 முதல் 5 சென்டிமீட்டர் தூரத்தில், நேரடி வெயில் படாமல் வையுங்கள். பழைய ரிமோட்டில் புது பேட்டரி போடுங்கள். பட்டனை அழுத்திப் பிடிக்காமல் சட்டென்று தட்டுங்கள். பிடித்தால் கட்டளை இரண்டு மூன்று முறை பதிவாகி, ஒரு தட்டுக்கு மெனு இரண்டு வரி தாவும்.

ஆர்சி-5 என்ற அகச்சிவப்பு சிக்னல் முறையைப் பயன்படுத்தும் கருவிகளில் விசித்திரமான கோளாறு ஒன்று வரும். அந்த முறையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு பிட் 0, 1 என்று மாறி மாறி வரும், 'விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினார்' என்று கருவி புரிந்துகொள்வது அதை வைத்துத்தான். கற்பித்த கட்டளையில் அந்த பிட் உறைந்துவிடும். விளைவாக 1 அழுத்தினால் வேலை செய்யும், 11 வராது. இடையில் வேறு பட்டனை அழுத்தினால் மறுபடி வேலை செய்யும். பட்டன் கெட்டதாக நினைத்து ரிமோட்டைப் பிரிக்க வேண்டாம். கற்பித்ததை அழித்துவிட்டு, உள்ளே இருக்கும் குறியீட்டுத் தொகுப்பிலிருந்து அதே கருவியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். சோனியின் முறையிலோ ஒரே கட்டளை 45 மில்லிநொடிக்கு ஒரு முறை என்று பெரும்பாலும் குறைந்தது 3 முறை வந்தால்தான் கருவி ஏற்கும். மேக்ரோவில் ஒரே ஒரு முறை அனுப்பப்பட்டால் பதில் இருக்காது, எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்.

வால்யூமை மேக்ரோவாக வைப்பதும் அடிக்கடி நடக்கிறது. மேக்ரோ பட்டனை அழுத்திப் பிடித்தாலும் பொதுவாக ஒரு முறைதான் ஓடும், சத்தம் தொடர்ந்து ஏறாது. வால்யூம், திசை வளையம் இரண்டுக்கும் எப்போதும் நேரடிக் கட்டளைதான். நீள அழுத்தத்துக்குத் தனி வேலை கொடுக்கும் வசதி இருந்தால், 'எல்லாம் அணை' என்பதை அங்கே வையுங்கள். தெரியாமல் பட்டால் படம் நிற்காது.

எல்லாம் முடிந்ததும் விளக்கை அணைத்து, அமைத்தவர் அல்லாத ஒருவர் கையில் கொடுங்கள். படத்தைப் போட, நிறுத்த, பத்து நொடி பின்னால் போக, சப்டைட்டிலை மாற்ற, மியூட் செய்ய, அணைக்கச் சொல்லுங்கள். வாய் திறந்து உதவாதீர்கள். அவர் எங்கே ரிமோட்டைக் கண்ணருகே கொண்டுபோகிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டு, மறுநாள் அந்தப் பட்டன்களை இடம் மாற்றுங்கள். மாற்றிய அமைப்பைக் கணினியில் சேமிக்க வழி இருந்தால் சேமித்துவிடுங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத் தாளை பேட்டரிகளோடு பத்திரப்படுத்துங்கள்.