டர்பனில் ஹாய்ஸ்ட் வாங்குகிறீர்களா? பழுதுச் செலவு குறைய எதைப் பார்க்க வேண்டும்

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மாடி எடுத்துக் கட்டும் வேலைகளை எடுக்கத் தொடங்கும் சின்ன ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் முதலில் வாங்குவது ஒரு மினி எலெக்ட்ரிக் ஹாய்ஸ்ட் (மோட்டாரால் சுமையை மேலே தூக்கும் மெஷின்), கூடவே கையால் சங்கிலியை இழுத்துத் தூக்கும் ஒரு செயின் பிளாக். எத்தனை கிலோ தூக்கும், எத்தனை ராண்ட் என்ற இரண்டை மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறோம். மோட்டார் எரிவது, ரோப் அறுவது, ஆட்கள் சும்மா நிற்கும் நாளின் கூலி எல்லாம் பிறகு வருகிற செலவு. அதைக் குறைக்கும் வேலை கடையிலேயே தொடங்கிவிடுகிறது.

முதல் படி: தூக்கப்போகும் எடையைக் கணக்கிடுங்கள். இங்கே சிமெண்ட் மூட்டை 50 கிலோ. நான்கு மூட்டை 200 கிலோ, அதோடு தட்டு, சங்கிலி எடையும் சேரும். மினி ஹாய்ஸ்டில் ‘200/400’ என்று எழுதியிருந்தால், ஒற்றை ரோப்பில் 200 கிலோதான். கூட வரும் கப்பியை மாட்டி ரோப்பை இரட்டையாக்கினால்தான் 400. அப்போது வேகமும் தூக்கும் உயரமும் பாதியாகிவிடும். இது தெரியாமல் ஒற்றை ரோப்பில் 400 கிலோவை மாட்டினால் ரோப்பும் கியரும் சீக்கிரமே போகும், கீழே நிற்பவருக்கும் ஆபத்து.

இரண்டாவது படிதான் பணம் மிச்சமாகும் இடம். மோட்டாரின் தகட்டில் ‘எஸ்3 20% 10 நிமிடம்’ என்பது போல ஒரு வரி இருக்கும். பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம் மட்டும் ஓடலாம், மீதி எட்டு நிமிடம் ஆற வேண்டும் என்று அதற்கு அர்த்தம். ஹாய்ஸ்டின் வேகம் நிமிடத்துக்கு 8 மீட்டர், தூக்கும் உயரம் 6 மீட்டர் என்று வையுங்கள். ஏற 45 விநாடி, இறங்க 45 விநாடி. ஒரு நடைக்கு ஒன்றரை நிமிடம் போய்விடுகிறது. ஆக, பத்து நிமிடத்துக்கு ஒரு நடை, மணிக்கு ஆறு நடை. செங்கல்லும் கலவையும் விடாமல் ஏற்றும் நாளில் யாராவது இந்தக் கணக்கில் நிற்பார்களா? மோட்டார் கருகுவதற்கு அதுதான் காரணம், பிராண்டைத் திட்டிப் பயனில்லை. நாள் முழுக்க ஓட்டப்போகிறீர்கள் என்றால் 30 சதவீத ஓட்டத்துக்கான எம்4, 40 சதவீதத்துக்கான எம்5 வகுப்பு செயின் ஹாய்ஸ்டைக் கேளுங்கள். விலை கூடுதல்தான். ஆனால் எரிந்த மோட்டாருக்குக் கம்பி மறுபடி சுற்றும் கூலி, வேலை நின்ற நாட்களின் கூலி இரண்டையும் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது நம்ம ஊர் கடற்காற்று. உம்லாங்கா போல கடலோரத்தில் வேலை என்றால் துத்தநாகம் பூசிய ஒயர் ரோப்பை வாங்குங்கள். மோட்டார் பெட்டிக்கு ஐபி54 (தூசி, நீர்த் தெறிப்பிலிருந்து காக்கும் தரக் குறியீடு) அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். வேலை முடிந்ததும் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். சுமை தொங்கும் லோடு செயினுக்கு எண்ணெய் விடலாம், விட வேண்டும். ஆனால் பிரேக் தகட்டில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது, சுமை வழுக்கிவிடும்.

நான்காவது படி, உதிரி பாகம். பணம் கொடுக்கும் முன் கடைக்காரரிடம் பிரேக் லைனிங், லிமிட் சுவிட்ச் (ஹூக் எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்துவது), ரோப் மூன்றையும் கையில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். டர்பனில் இருப்பில் இல்லை என்றால் வேறு மாடலைப் பாருங்கள். நல்ல மெஷின்கூட ஒரு சின்ன சுவிட்சுக்காக வாரக்கணக்கில் மூலையில் கிடக்கும்.

வாங்கியாயிற்றா? சரி, மின்சாரத்தைக் கவனியுங்கள். மெல்லிய, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் 230 வோல்ட் முழுசாகப் போய்ச் சேராது. மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சூடாகும். தடித்த ஒயர், முடிந்த அளவு குறைந்த தூரம்.

முதல் நாளே ஹூக்கின் வாய் அகலத்தையும், செயினில் 11 கண்ணிகளின் நீளத்தையும் அளந்து நோட்டில் எழுதிவையுங்கள். ஹூக் வாய் பத்து சதவீதம் விரிந்துவிட்டால் அந்த ஹூக்கையே மாற்றிவிட வேண்டும். அடித்து நேராக்கக் கூடாது. தயாரிப்பாளரின் கையேடு அதைவிடக் குறைவாகச் சொன்னால் அதுதான் வரம்பு. செயின் எவ்வளவு நீண்டால் மாற்ற வேண்டும் என்பதும் அதே கையேட்டில் இருக்கும்.

அப்புறம், இயந்திரப் பாதுகாப்புக்கான தென்னாப்பிரிக்க அரசின் 2015-ஆம் ஆண்டு விதிகளான டிரிவன் மெஷினரி ரெகுலேஷன்ஸ்படி தூக்கும் இயந்திரத்துக்கு 12 மாதத்துக்குள் ஒருமுறை சோதனை, அதன் ரோப், செயின், ஹூக்குக்கு 6 மாதத்துக்குள் ஒருமுறை, சுமையைக் கட்டும் பெல்ட், ஷாக்கிள் போன்ற மாட்டும் சாமான்களுக்கு 3 மாதத்துக்குள் ஒருமுறை ஆய்வு செய்ய வேண்டும். இதைத் தண்டச் செலவாக நினைக்காதீர்கள். தேய்ந்த ரோப்பை அந்த ஆய்வில் கண்டுபிடித்தால் ஒரு ரோப் விலையோடு போகும். சுமை அந்தரத்தில் இருக்கும்போது கண்டுபிடித்தால் அந்தச் செலவை எந்த நோட்டிலும் எழுத முடியாது. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கடைசி சோதனைச் சான்றிதழில் உள்ள சீரியல் நம்பரும் மெஷின் தகட்டில் உள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே விலை பேசுங்கள்.