நிலத்தடி நீர், பாறை, எரிசக்தி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் குழாயைத் திறந்தால் வருவது நம் நீர்த்தேக்கத்துத் தண்ணீர், ஜொகூர் தண்ணீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர். இந்த நான்கில் நிலத்தடி நீர் கிடையாது. போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டால் தண்ணீர் வருமா என்ற கவலை நமக்கு இல்லை. அதனாலேயே பலர் அதை ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் பேசும் விஷயம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இந்தத் தீவின் எண்ணெய்க் கிடங்கு, எம்ஆர்டி சுரங்கம், நாளைக்கு வரக்கூடிய புவிவெப்ப மின்சாரம் எல்லாமே பாறைக்குள் இருக்கும் நீரைக் கணக்கில் வைத்துத்தான் நடக்கின்றன. குடிக்காத தண்ணீர் நமக்கு எதற்கு என்று நினைப்பது முதல் தவறு.

அடுத்தது, பூமிக்குள் ஆறு ஓடுகிறது என்ற கற்பனை. சுண்ணாம்புப் பாறைக் குகைகளில் அப்படி ஓடுவது உண்டு. மற்ற இடங்களில் நீர் மணல் பருக்கைகளுக்கு நடுவிலும் பாறையின் விரிசல்களிலும்தான் இருக்கிறது. தீவின் நடுவிலும் வடக்கிலும் இருக்கும் புக்கிட் தீமா கிரானைட்டில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தால் ஈரமே தெரியாது. நீர் எல்லாம் விரிசலில். தமிழ்நாட்டில் போர் போட்டவர்களுக்கு இது தெரியும்: இங்கே புகைதான் வந்தது, பத்தடி தள்ளிப் போட்டால் பீய்ச்சி அடிக்கிறது. பாறையின் பெயரை மட்டும் வைத்து நீர் இருக்கும், இருக்காது என்று சொல்ல முடியாது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். பூமிக்குள் ஓர் ஆழத்தில், மேலே இருக்கும் மண், பாறை, கட்டடம் எல்லாவற்றின் எடையையும் இரண்டு பேர் சேர்ந்து சுமக்கிறார்கள். மண்ணின் அல்லது பாறையின் உடம்பு ஒருவர். அதன் இடுக்குகளில் நிரம்பி நிற்கும் நீர் இன்னொருவர். வீடு மாறும்போது அலமாரியை இருவர் தூக்குவது போலத்தான். ஒருவர் கையைத் தளர்த்தினால் எடை மற்றவர் மேல் இறங்கும். 1920களில் கார்ல் டெர்சாகி என்ற பொறியாளர் இதைக் கணக்காக எழுதிக் கொடுத்தார். உலகம் முழுக்க மண் பொறியாளர்கள் இன்றும் அந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். நீரின் அழுத்தம் குறைந்தால் மண் நசுங்கும். கூடினால், ஒன்றையொன்று இறுகப் பிடித்திருந்த பாறைகளின் பிடி தளரும். கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

வேலையிடம் ஒன்றில் புதிதாக வந்த ஊழியர் ஒருவர் மேற்பார்வையாளரிடம் கேட்டது நினைவிருக்கிறது. “அண்ணே, இந்தப் பக்கம் பம்ப் வச்சு தண்ணிய இறைக்கிறோம். அந்தப் பக்கம் எதுக்கு நாமளே குழாய் வச்சு தண்ணிய உள்ள விடுறோம்?” அவர் சுருக்கமாகச் சொன்னார்: “அங்க இருக்கிற கடைவீடு இறங்கக் கூடாதுல்ல, அதுக்குத்தான்.”

அந்தப் பதிலுக்குள் கடற்களிமண்ணின் கதை முழுக்க இருக்கிறது. காலாங் பக்கமும் தென்கரையோரம் பல இடங்களிலும் மென்மையான கடற்களிமண் படிந்திருக்கிறது, சில இடங்களில் 30 மீட்டருக்கும் மேல். சுரங்கம் தோண்டும்போது கீழே உள்ள மணல் அடுக்கிலோ பாறையிலோ இருக்கும் நீர் குழிக்குள் கசிந்துவிட்டால், அங்கே அழுத்தம் குறையும். களிமண்ணுக்குள் இருக்கும் நீர் மெல்ல மெல்ல வெளியேறும். எடை முழுவதும் களிமண் மேல் இறங்கி அது நசுங்கும், மேலே இருக்கும் சாலையும் கட்டடமும் சேர்ந்து இறங்கும். அதைத் தடுக்கத்தான் மறுபக்கம் நீரை உள்ளே செலுத்துகிறார்கள்.

இங்கே பலரும் செய்யும் தவறு, மழை வந்து நீர் மட்டம் ஏறினால் நிலமும் பழையபடி எழும்பிவிடும் என்று நினைப்பது. நசுங்கிய களிமண் கொஞ்சம்தான் மீளும், மீதி போனது போனதுதான். அதனால்தான் வேலையிடங்களில் சின்னக் குழாய்களைப் புதைத்து, மீட்டர் நாடாவை உள்ளே இறக்குகிறார்கள். முனை நீரைத் தொட்டதும் ‘பீப்’ என்று சத்தம் வரும், அந்த ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். பார்க்கச் சாதாரண வேலை. ஆனால் கட்டடச் சுவரில் கீறல் தெரிவதற்கு முன்பே எச்சரிக்கை தருவது அந்த எண்தான். அதை ஏனோதானோவென்று எழுதுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

இதே கணக்கு தலைகீழாக நிற்கும் இடம் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஒரு நீரடுக்கு இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அள்ளிவிட்டால் அந்த நீரை அமுக்கிப் பிடிக்க எடை போதாது. சுரங்கத்தின் தரையையே பிய்த்துக்கொண்டு நீர் மேலே வந்துவிடும். அதனால் தோண்டும் இடத்தைச் சுற்றிக் கிணறுகள் போட்டு இரவும் பகலும் நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஒரு டன் நிலக்கரிக்குப் பல டன் தண்ணீர் வெளியே வருகிறது. நெய்வேலி மின்சாரம் என்றால் நிலக்கரி மட்டும்தான் என்று நினைப்பவர்கள், அதற்காக இறைத்த நீரையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரக் கிணறுகளின் கவலையும் அங்கிருந்துதான் வருகிறது.

நீர் என்றால் இறைத்துத் தள்ள வேண்டிய எதிரி என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. ஜூரோங் தீவுக்குப் பக்கத்தில், பன்யான் கடற்பகுதிக்கு அடியில் சுமார் 130 மீட்டர் ஆழத்தில் ஐந்து பெரிய குகைகள் இருக்கின்றன. 2014 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஜூரோங் பாறைக் குகைகள் இவைதான். மொத்தக் கொள்ளளவு 14.7 லட்சம் கன மீட்டர், செலவு 950 மில்லியன் வெள்ளி. கச்சா எண்ணெய், நாஃப்தா போன்றவற்றை அங்கே வைக்கிறார்கள். தரைக்கு மேலே தொட்டி கட்டியிருந்தால் சுமார் 60 ஹெக்டர் நிலம் போயிருக்கும்.

இதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் வரும் கேள்வி, எண்ணெய் கசியாமல் எப்படி இருக்கிறது என்பது. பாறை கெட்டியாக இருப்பதால், அல்லது உள்ளே இரும்புத் தகடு பதித்திருப்பதால் என்று சொல்பவர்கள் உண்டு. இரண்டும் சரியில்லை. ஜூரோங் படிவப் பாறையில் விரிசல்கள் இருக்கத்தான் செய்கின்றன. எண்ணெயை உள்ளே பிடித்து வைத்திருப்பது நிலத்தடி நீர். அந்த ஆழத்தில் நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல சுமார் 13 மடங்கு. குகைக்குள் இருக்கும் எண்ணெய், ஆவி இவற்றின் அழுத்தம் அதைவிடக் குறைவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், விரிசல் வழியாக நீர் குகைக்குள் கசியுமே தவிர எண்ணெய் வெளியே போகாது. உள்ளே வரும் கசிவு அடியில் சேரும், அதை இறைத்துச் சுத்திகரிப்பார்கள்.

ஆனால் குகையைக் குடைவதே சுற்றியுள்ள பாறையைக் காய வைத்துவிடும். காய்ந்த விரிசலுக்குள் ஆவி நுழைய வழி கிடைத்துவிடும். அதனால் குகைகளுக்கு மேலே தனிச் சுரங்கங்கள் வெட்டி, அவற்றிலிருந்து வரிசையாகத் துளைகள் போட்டு நீரைச் செலுத்தி, பாறையை எப்போதும் நனைந்தபடி வைத்திருக்கிறார்கள். இதை நீர்த்திரை என்பார்கள். என்னைக் கேட்டால் சிங்கப்பூர்ப் பொறியியலில் மாணவர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது இது. கெட்டியான பாறையைவிட, நனைந்த பாறையே இங்கே நம்பகமான பூட்டு.

இப்போது நிலநடுக்கம். வாட்ஸ்அப்பில் அதிகம் குழப்பப்படும் விஷயமும் இதுதான். ஃப்ராக்கிங், அதாவது அழுத்தத்தோடு நீரைச் செலுத்திப் பாறையை உடைத்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் நீரியல் விரிசல் முறை, நடக்கும் இடமெல்லாம் பூமி அதிர்கிறது என்று சுற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமாவை எடுத்துக்கொள்வோம். 2008 வரை அங்கே ரிக்டர் 3க்கு மேற்பட்ட நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். 2015ல் அது ஏறக்குறைய 900. இதற்குப் பெரும்பாலும் காரணம் பாறையை உடைத்தது அல்ல. எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்பு நீரைத் திரும்ப ஆழத்தில் செலுத்தியதுதான். அந்த நீர் அடிப்பாறையில் இருக்கும் பழைய பிளவுகளின் அழுத்தத்தைக் கூட்டியது, பிடி தளர்ந்தது, பிளவு வழுக்கியது. 2016ல் அங்கே பானீ என்ற ஊரில் 5.8 அளவு நடுக்கம். மேற்குக் கனடாவில் நிலைமை வேறு, அங்கே நீரியல் விரிசலே நேரடிக் காரணமாக இருந்த நடுக்கங்கள் உண்டு. ஆகவே, எது எங்கே நடந்தது, எவ்வளவு நீர் எந்தப் பாறைக்குள் போனது என்று கேட்காமல் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நீரியல் விரிசலை எதிர்க்கவும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரியான தகவலோடு சொன்னால்தான் எடுபடும்.

இதைவிடப் பெரிய தவறு, பம்பை நிறுத்தினால் நடுக்கமும் நின்றுவிடும் என்ற நம்பிக்கை. 1962ல் டென்வர் அருகே 3,671 மீட்டர் ஆழக் கிணற்றில் ரசாயனக் கழிவுநீரைச் செலுத்தத் தொடங்கினார்கள். நடுக்கங்கள் வரவே 1966 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். பெரிய நடுக்கங்கள் வந்தது 1967ல். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006 டிசம்பரில் புவிவெப்பத் திட்டத்துக்காக நீர் செலுத்தி, 3.4 அளவில் நிலம் குலுங்கியது. நிறுத்திய பிறகும் அடுத்த இரண்டு மாதங்களில் மேலும் நடுக்கங்கள். 2009ல் திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் கடைசியாக நீர் செலுத்தியது 2017 செப்டம்பரில், 5.4 அளவு நடுக்கம் வந்தது நவம்பர் 15 அன்று. அந்தப் புவிவெப்பத் திட்டம்தான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019ல் அறிவித்தது. காரணம் எளிது. செலுத்திய அழுத்தம் விரிசல் விரிசலாகப் பரவ நாள் எடுக்கும். மேலே வால்வை மூடிய செய்தி கீழே உள்ள பாறைக்கு உடனே போய்ச் சேராது.

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் அவ்வப்போது விளக்கு ஆடுவதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அவை சுமத்ராவின் நிலநடுக்கங்கள். தொலைவிலிருந்து வரும் மெதுவான அலைகள் மென்மண்ணிலும் உயரமான கட்டடங்களிலும் நன்றாகத் தெரிகின்றன. ஜூரோங் குகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் வேதியியல். பாறை கல்லாகக் கிடக்கிறது, நீர் பட்டால் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனியின் ஷ்டௌஃபென் என்ற சிறு நகரத்தைக் காட்டலாம். 2007ல் நகர மன்றக் கட்டடத்தைச் சூடாக்க 140 மீட்டர் வரை சில புவிவெப்பத் துளைகள் போட்டார்கள். அழுத்தத்தோடு இருந்த நிலத்தடி நீர் துளை வழியே ஏறி, அன்ஹைட்ரைட் என்ற உலர்ந்த கனிமத்தைத் தொட்டது. நீரைக் குடித்து அது ஜிப்சமாக மாறியது, கன அளவு சுமார் 60 விழுக்காடு கூடியது. ஊரே எழும்பியது. 200க்கும் மேற்பட்ட வீடுகளில் விரிசல். நல்ல நோக்கம், பசுமை எரிசக்தி, சின்னத் துளை. துளையைச் சுற்றி சிமெண்ட் சரியாக அடைக்காமல் இரண்டு அடுக்குகளை இணைத்துவிட்டதுதான் வினை.

அதே வேதியியல் உதவியும் செய்கிறது. ஐஸ்லாந்தில் கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறைக்குள் செலுத்தினார்கள். 95 விழுக்காடு இரண்டே ஆண்டுகளுக்குள் கல்லாகிவிட்டதாக 2016ல் ஆய்வு வெளிவந்தது. ஒரு டன் வாயுவுக்கு சுமார் 25 டன் நீர் தேவைப்படுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புக்கிட் தீமா கிரானைட்டில் இது அப்படியே நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்தக் கருங்கல்லில் தேவையான கனிமங்கள் குறைவு.

கடைசியாக, செம்பவாங் வெந்நீர் ஊற்று. வார இறுதியில் அங்கே போனால் முட்டையும் வாளியுமாகக் குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும். ஊற்றில் நீர் சுமார் 70 டிகிரி. படிப்படியாக இறங்கும் குளத்தில் ஆறிய பிறகுதான் காலை வைக்க வேண்டும். குழந்தைகளை முதல் தட்டுப் பக்கம் விட வேண்டாம். கீழே எரிமலை இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்பவர்களைப் பார்க்கிறேன், அதுவும் வேண்டாம். மழைநீர் கிரானைட்டின் விரிசல் வழியே ஆழத்துக்கு இறங்கிச் சூடாகி, ஒரு பிளவு வழியே ஆறுவதற்குள் மேலே வந்துவிடுகிறது. கிரானைட்டுக்குள் சிறிதளவு இருக்கும் யுரேனியம், தோரியம் போன்றவையும் வெப்பம் தருகின்றன.

நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வில் அந்தப் பகுதியில் 1.76 கிலோமீட்டர் ஆழத்தில் 122 டிகிரி அளந்திருக்கிறார்கள். மின்சாரத்துக்கு ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை நம்பும் நமக்கு இது நல்ல செய்தி. ஆனால் சூடு இருந்தால் மின்சாரம் வந்துவிடும் என்று அவசரப்படக் கூடாது. அலாஸ்காவின் சேனா (Chena) வெந்நீர் ஊற்றில் 74 டிகிரி நீரிலேயே 2006 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள் என்றால், குளிர்விக்க அங்கே பனிக்குளிர்ந்த நீர் கிடைப்பதுதான் காரணம். நம் வெயிலில் அந்த வெப்ப வித்தியாசம் கிடைக்காது, இன்னும் சூடான பாறை தேவை. சூட்டை மேலே தூக்கிவர நீரும் வேண்டும், அது ஓடத் திறந்த விரிசல்களும் வேண்டும். விரிசல் போதவில்லை என்றால் இரண்டு வழி: அழுத்தத்தோடு நீரைச் செலுத்தி விரிசலைத் திறப்பது, இல்லாவிட்டால் பாறையைத் தொடாமல் மூடிய குழாய்ச் சுற்றில் நீரை ஓட்டிச் சூட்டை மட்டும் எடுப்பது. முதல் வழியில் போஹாங்கின் பாடம் இருக்கிறது. இரண்டாவதில் கிடைக்கும் சூடு குறைவு, துளைச் செலவு அதிகம். நெருக்கமாக மக்கள் வாழும் தீவில் நான் இரண்டாவதை முதலில் பார்க்கச் சொல்வேன். அடுத்த துளை பற்றிய செய்தி வரும்போது எத்தனை டிகிரி என்பதோடு நிறுத்தாமல், விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வந்தது என்றும், நுண்ணதிர்வை அளக்கும் கருவிகளைத் துளை போடுவதற்கு முன்பே வைத்தார்களா என்றும் தேடிப் படியுங்கள்.