எழுத்து வகுப்பில் மாணவர் எழுதட்டும்: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு செயல்வழிகாட்டி

கட்டுரை எழுதும் முறையை ஒரு பாடவேளை முழுவதும் விளக்கிவிட்டு, கட்டுரையை வீட்டில் எழுதி வரச் சொல்வது நம் கல்லூரிகளில் நிலைத்துவிட்ட வழக்கம். வடசென்னையின் தண்டையார்ப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பகுதிகளிலிருந்து வரும் மாணவர் பலர் வகுப்பு முடிந்ததும் வேலைக்குச் செல்கின்றனர்; ஒற்றை அறை வீட்டில் தனித்து உட்கார்ந்து எழுத அவர்களுக்கு இடமும் இல்லை. இத்தகைய வகுப்பில் விளக்கத்தைச் சுருக்கி, எழுதுவதையும் திருத்துவதையும் பாடவேளைக்குள் கொண்டுவருவதே முறை. செயல்வழிக் கற்றலின் பயனுக்குச் சான்றாக, 225 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றைப் பலரும் காட்டுவர். செயல்வழியில் கற்றவர்களைவிட, விரிவுரை மட்டுமே கேட்டவர்கள் தோல்வியுறும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு என்று அது கண்டது. ஆனால் அவை அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் என்பதால், அந்த எண்ணை எழுத்து வகுப்புக்கு அப்படியே பொருத்திச் சொல்லாதிருப்பது நேர்மை.

முதல் ஏழு நிமிடங்களைத் தடையின்றி எழுதுவதற்கு ஒதுக்குங்கள். பேனாவை நிறுத்தக் கூடாது, அடித்துத் திருத்தக் கூடாது என்பவை மட்டுமே விதிகள். “வலைய இஸ்துகினு வர சொல்ல” (வலையை இழுத்துக்கொண்டு வரும்போது) என்று ஒருவர் தம் பேச்சுவழக்கிலேயே எழுதினால், அந்த நேரத்தில் அதைத் தொடாதீர்கள். தன் பேச்சு பிழை என்று சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழகியவர், முதல் வரியிலேயே சிவப்பு மையைக் கண்டால் இரண்டாம் வரியை எழுதமாட்டார். தலைப்பும் சிறியதாக இருக்க வேண்டும். ‘காசிமேடு மீன்பிடித் துறைமுகம்’ என்று கொடுத்தால் பொதுஅறிவுப் புத்தகத்தின் வரிகளே வரும். ‘விடியற்காலை ஏலம் நடக்கும்போது உங்கள் காலடியில் என்னென்ன கிடக்கும்?’ என்று கேட்டால், பார்த்தவர் பார்த்ததை எழுதுவார்.

அடுத்தது இணையாக உட்கார்ந்து வாசிப்பது. தனியே சிந்தித்து, இருவராகப் பேசி, பின்பு வகுப்போடு பகிரும் முறையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். நகர்த்த முடியாத நீள பெஞ்சுகள் உள்ள அறையிலும் இது நடக்கும். ஒற்றைப்படை வரிசையினர் பின்னால் திரும்பி உட்கார்ந்தால் போதும். (அறுபது பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தத்திற்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியரை முன்கூட்டியே தயார்படுத்திவிடுங்கள்.) ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்வதும் எழுத்துப்பிழை சுட்டுவதும் இந்தச் சுற்றில் வேண்டாம். எந்த வரி கண்முன் வந்தது, எந்த இடத்தில் புரியாமல் நின்றேன், இன்னும் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்னும் மூன்றுக்கு மட்டும் வாசிப்பவர் எழுத்தில் பதில் தர வேண்டும்.

எடுத்துக்காட்டாக, முதல் வரைவு இப்படி இருப்பதாகக் கொள்வோம்: “தடைக்காலத்தில் மீனவர்கள் சொல்லொணாத் துயரம் அடைகின்றனர். அவர்களது வாழ்வாதாரம் பெரிதும் பாதிக்கப்படுகிறது.” இதில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை, ஆசிரியர் பார்த்தால் சரிக்குறி போட்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவரோ, “எத்தனை நாள்? அப்போது உன் வீட்டில் யார் என்ன செய்வார்கள்?” என்று கேட்பார். அதன்பின் வரும் வரைவு வேறாகிறது: “ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகா. அப்பா கிழிந்த வலையைப் பிரித்துப்போட்டுத் தைப்பார். சிறு படகுகளில் வரும் கொஞ்ச மீனை அம்மா கூடுதல் விலைக்கு வாங்கி விற்பார்.” இந்த இரு வரைவுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதி, எந்தச் சொல் போனது, எந்தத் தகவல் வந்தது என்று வகுப்பையே சொல்லவிடுங்கள். இதற்கு ஒரு முழுப் பாடவேளை செலவானாலும் தவறில்லை.

வாதக் கட்டுரைக்கு, அமெரிக்க உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் உருவாக்கிய துண்டிணைப்பு முறை பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதைப் பொருளாக எடுத்துக்கொள்ளலாம். வகுப்பை நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, செய்தி அறிக்கை, மீனவர் கூற்று, வரைபடம், அரசு ஆவணம் என ஒவ்வொரு குழுவின் நால்வருக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். ஒரே துண்டைப் பெற்றவர்கள் முதலில் ஒன்றுகூடி அதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்; பின்பு தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்களுக்கு விளக்க வேண்டும். மற்ற மூவர் சொல்வதைக் கேட்காமல் எவராலும் எழுத முடியாது. ஆகவே, வகுப்பில் வாய் திறக்காதவரும் பேசியாக வேண்டும்.

பாடத்திட்டம் முடியாதே என்ற கவலை நியாயமானதுதான். எனவே வாரத்தில் ஒரு பாடவேளையை மட்டும் இதற்கென ஒதுக்கி, ஒரு பருவத்தில் இங்கே சொன்னவற்றுள் இரண்டு உத்திகளுக்கு மேல் புகுத்தாதிருப்பது நல்லது. அறுபது நோட்டையும் வரிக்கு வரி திருத்தவும் வேண்டாம். ஒரு வாரம் தொடக்க வரி, மறுவாரம் பத்திப் பிரிப்பு என்று ஒன்றை மட்டும் பாருங்கள். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைப் பொறுத்தவரை, முதல் வரைவையும் வாசித்தவரின் கேள்விகளையும் இறுதி வரைவையும் ஒன்றாகப் பின் அடித்து வாங்கி, கேள்விகளுக்குப் பின் எழுத்தில் நேர்ந்த மாற்றத்திற்குப் பாதி மதிப்பெண்ணாவது வழங்குங்கள். கேள்வி கேட்டவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை முதல் நாளே அறிவித்துவிடுங்கள்.