கலேடியம்: ஒரு பருவமா, பல வருடமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வண்ண இலைகளின் அழகுக்காக வளர்க்கும் கலேடியத்தை ஒரு பருவம் வைத்து ரசித்துவிட்டு, இலை சாய்ந்ததும் பிடுங்கிப் போடுகிறவர்கள் நிறைய. உண்மையில் அது கிழங்கிலிருந்து ஆண்டுதோறும் மறுபடி தழைக்கும் செடி. தென் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகளில் வறண்ட காலம் வந்ததும் இலையை விட்டுவிட்டு மண்ணுக்குள் உறங்கும், ஈரமும் வெப்பமும் திரும்பியதும் எழும்.

அந்த உறக்கத்தைச் சாவு என்று நினைப்பதுதான் பெரிய தவறு. இலை மஞ்சளாகிச் சாய்கிறதா? தண்ணீர் போதவில்லை என்று பதறிப்போய் மேலும் ஊற்றாதீர்கள். இலை இல்லாத கிழங்கு தண்ணீரை இழுக்காது. மண்ணில் தேங்கும் ஈரம் கிழங்கை அழுக வைக்கும், அதோடு குளிரும் சேர்ந்தால் கதை முடிந்தது. இலை சாயத் தொடங்கியதும் தண்ணீரைப் படிப்படியாகக் குறையுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பச்சை இலையை வெட்டிவிடவும் வேண்டாம்; அடுத்த பருவத்துக்கான சேமிப்பு அதிலிருந்துதான் கிழங்குக்கு இறங்குகிறது.

மண்ணிலேயே விடலாமா? உறைபனி இல்லாத, தண்ணீர் தேங்காத இடமென்றால் தாராளமாக விடலாம். குளிர் கடுமையான இடத்தில் உறைபனிக்கு முன்பே தோண்டி எடுத்து, மண்ணை உதிர்த்து உலர்த்தி, காய்ந்த கோகோபீட்டிலோ (தேங்காய் நார்த்தூள்) மரத்தூளிலோ வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவே கூடாது. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகாத அறைதான் சரி. தோண்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்: இது சேம்பின் குடும்பம், சாறு பட்டால் அரிக்கும். நாய், பூனை கடித்தாலும் ஆபத்து.

இவ்வளவு மெனக்கெட முடியாது என்றால் வருடாவருடம் புதுக் கிழங்கு வாங்கி நடுவதில் ஒரு குற்றமும் இல்லை. கோடை குறுகிய இடங்களில் அதுதான் புத்திசாலித்தனம் என்பேன். அங்கே கிழங்கு பருக்க நேரம் கிடைக்காது, சேமித்து வைத்தது அடுத்த முறை இளைத்த செடியாக வரலாம்.

இன்னொன்று, நடுவதில் அவசரம். மண் 21 டிகிரியாவது சூடாகும் வரை பொறுங்கள். குளிர்ந்த மண்ணில் கிழங்கு சும்மா கிடந்து அழுகும். தலைகீழாக நட்டுவிட்டால் கவலை வேண்டாம், கொஞ்சம் தாமதமாக முளைக்கும், அவ்வளவுதான்.

மண்ணிலேயே விட்ட கிழங்குகளும் மற்ற செடிகளுக்குப் பிறகு சாவகாசமாகத்தான் எழும். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வையுங்கள். இல்லையென்றால் காலி இடம் என்று நினைத்து வேறு எதையாவது நடப்போய் மண்வெட்டியால் கிழங்கைப் பிளந்துவிடுவீர்கள்.